இச்சகம் வேறு, முகமன் வேறு

"பிறனை முகஸ்துதி செய்கிறவன் அவன் கால்களுக்கு வலையை விரிக்கிறான்." நீதிமொழிகள் 29:5. சபையில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய வசனம். போன வாரம் மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்த ஒரு வேதபாடக் கையேட்டில் இது "அயலானுக்கு முகமன் கூறுகிறவன்" என்று மாறியிருந்தது. அந்த ஒரு வசனத்தில் மட்டுமல்ல, இச்சகம், முகஸ்துதி என்று வருகிற எல்லா இடத்திலும் முகமன்தான். இதற்கு முன் இரண்டு புத்தகங்களிலும் இதே மாற்றத்தைப் பார்த்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சொற்களின் பொருள். முகஸ்துதி என்பது முகத்துக்கு நேரே செய்யும் துதி. இச்சகம் என்பது இச்சை என்ற வடசொல்லோடு சேர்ந்தது. கேட்பவருடைய இச்சைக்கு ஏற்றபடி பேசுவது. ('இந்த உலகம்' என்ற பொருளில் பாரதி பாடிய இச்சகம் வேறு, அது இ + சகம்.) 1871-இல் வந்த வேதாகமத் திருத்த மொழிபெயர்ப்பு இரண்டு சொற்களையும் ஆள்கிறது. எபிரெய மூலத்தில் இருப்பது ஹாலக் என்ற வேர், வழுவழுப்பு என்று பொருள். சங்கீதம் 12-இல் வரும் "இச்சக உதடுகள்" மூலத்தில் வழுவழுப்பான உதடுகள்.

சரி, முகமன் என்றால் என்ன? வீட்டுக்கு வந்தவரை முகம் மலர்ந்து வரவேற்றுச் சொல்லும் சொல். "வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்பது முகமன். தமிழ் முஸ்லிம்கள் ஸலாம் சொல்வதை 'முகமன் கூறுதல்' என்றே எழுதுகிறார்கள், அழகான வழக்கு. அகராதியில் முகமனுக்குத் துதி என்ற பொருளும் உண்டு என்று அந்த மொழிபெயர்ப்பாளர் சொல்லக்கூடும். இருக்கட்டும். இன்று அந்தச் சொல்லைக் கேட்கும் யாருக்கும் மனதில் வருவது உபசாரம்தான். அந்த உபசாரத்தைக் கொண்டுபோய்க் காலுக்கு விரித்த வலை என்று எழுதினால், விருந்தோம்பலை மறவாதிருங்கள் என்று சொல்லும் எபிரெயர் 13:2-ஐ எங்கே வைப்பது? ஒரு வடசொல்லை விரட்டப்போய் ஒரு நல்ல தமிழ்ச்சொல்லின் மேல் பழியைப் போட்டிருக்கிறார்கள். தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் முகம் என்ற பாதி ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு சொல்லை எடுத்து ஒட்டவைப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

இந்தத் தவறு சொல்லோடு நிற்பதில்லை. இனிமையாகப் பேசுகிறவன் ஏமாற்றுகிறான், கடுமையாகப் பேசுகிறவன் உண்மை சொல்கிறான் என்று விசுவாசிகள் நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். 1 இராஜாக்கள் 12-ஐப் பாருங்கள். சாலொமோனுக்குப் பின் ராஜாவான அவர் மகன் ரெகொபெயாமுக்கு முதியோர் சொன்னது, ஜனங்களுக்கு நல்வார்த்தை சொல்லுங்கள் என்பது. கூட வளர்ந்த வாலிபர்கள் சொன்னது, என் சுண்டுவிரல் என் தகப்பனாருடைய இடுப்பைவிடப் பருமன் என்று சொல்லுங்கள் என்பது. கேட்கக் கடுமையான பேச்சு. ஆனால் ராஜாவின் மனம் விரும்பியது அதைத்தான். அதனால் இச்சகம் பேசியவர்கள் அந்த வாலிபர்களே. அதை நம்பி அவன் பத்துக் கோத்திரங்களை இழந்தான்.

பவுலும் 1 தெசலோனிக்கேயர் 2:5-இல் "இச்சகமான வசனங்களைச்" சொல்லவில்லை என்கிறார். அங்கே கிரேக்கத்தில் கொலாக்கேயா. புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வரும் ஒரே இடம் அது. இரண்டு வசனம் தள்ளி, பால்கொடுக்கிற தாயைப்போல உங்களிடம் நடந்துகொண்டோம் என்கிறார். கனிவும் இச்சகமும் ஒன்றாக இருந்தால் இந்த இரண்டு வசனங்களும் பக்கத்தில் பக்கத்தில் எப்படி இருக்க முடியும்? வள்ளுவரும் இன்சொல்லை விளக்கும்போது "படிறிலவாம்" என்று சேர்த்தே சொல்கிறார். வஞ்சகம் கலக்காத இனிமை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? புகழ்வது மட்டும் என்றால் முகப்புகழ்ச்சி போதும். ஆலோசனையைப் பற்றிய இடத்தில் அது போதாது. அங்கே இச்சகத்தை அப்படியே விடலாம். பேச்சுமொழியில் வேண்டுமானால் நம்மிடம் ஒத்து ஊதுதல் இருக்கிறது. நாதசுரத்தோடு ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பது ஒத்து. ஆகாப் ராஜாவுக்கு 400 தீர்க்கதரிசிகள் ஊதியது அதுதான்: ராமோத் நகரத்தின்மேல் போருக்குப் போங்கள், ஜெயிப்பீர்கள். மிகாயா என்ற இன்னொரு தீர்க்கதரிசியை அழைக்கப் போன ஆளும், உம்முடைய வார்த்தை அவர்கள் வார்த்தையைப்போல இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறான். ஒத்து ஊத மறுத்த மிகாயா சிறைக்குப் போனார். ஆகாப் போருக்குப் போய் அம்பு பாய்ந்து செத்தான்.

இதற்கு எதிர்ச்சொல் இடித்துரை, தவறு கண்டால் கடிந்து சொல்லும் சொல். "இடிக்குந் துணையாரை" என்று குறளே தந்திருக்கும்போது 'உண்மையான கவுன்சிலிங்' என்று எழுதுகிறார்கள்! 2 தீமோத்தேயு 4:3-இல் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் போட்ட 'செவித்தினவு' எவ்வளவு நல்ல சொல்! சொறிந்துவிடச் சொல்லிக் காத்திருக்கும் காது. காது கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்கிற, குறளின் "செவிகைப்பச் சொற்பொறுக்கும்" வேந்தனுக்கு நேர் எதிர். புதிய புத்தகங்களில் அதுவும் 'கேட்க விரும்பியதைக் கேட்டல்' என்று கரைந்துபோகிறது. தினவு என்றால் வாசகருக்குப் புரியாதாம். ஆட்டைப் பார்த்தவர்கள் யாருக்கும் புரியும்.

கையேட்டில் முகமன் வந்த ஏழு இடங்களிலும் திருத்தி அனுப்பிவிட்டேன். ரோமர் 16-இல் ஒருவரையொருவர் வாழ்த்தச் சொல்லும் இடத்தில் மட்டும், முகமன் கூறுங்கள் என்று போடலாமே என ஓரத்தில் குறித்திருக்கிறேன்.