ஆரஞ்சு முதுகு மரங்கொத்தியை அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள்

பறவை ஆர்வலர்கள் அனுப்பும் படங்களைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. மரங்கொத்திப் படம் வந்தால் முதலில் நான் பார்ப்பது முதுகை அல்ல, கன்னத்து வெள்ளையை. அதிலும் செம்மை படிந்திருந்தால் அது மாலை வெயிலின் கைவரிசை. வெள்ளை வெள்ளையாகவே இருந்து முதுகு மட்டும் ஆரஞ்சாக இருந்தால்தான் நிமிர்ந்து உட்காருவேன்.

இலங்கையின் யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் வாழ்வது பொன்முதுகு மரங்கொத்தி. தெற்கே போனால் அதே உருவத்துக்கு முதுகு செக்கச்செவேல் என்றிருக்கும். இடைப்பட்ட பகுதியில் இரண்டும் இணைசேர்வதால், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவிலுள்ள சாயல்களைப் பார்க்கலாம். அப்படி ஆரஞ்சு என்று வந்த ஒரு பதிவை, 'செம்முதுகு' என்று நான் ஒருமுறை திருத்திவிட்டேன். அனுப்பியவர் சண்டைக்கு வரவில்லை. இன்னொரு படம் அனுப்பினார். ஒரே கிளையில் ஒரு ஜோடி: ஒன்று பொன்மஞ்சள், மற்றது பழுத்த ஆரஞ்சு. என் திருத்தத்தை நானே அழித்தேன்.

இந்த இரண்டையும் நெடுங்காலம் ஒரே இனத்தின் கிளையினங்களாகவே எண்ணினார்கள். தோற்றத்தையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, செம்முதுகைத் தனி இனமாகக் கொண்டது. வட அமெரிக்காவின் ஃப்ளிக்கர் மரங்கொத்திகளுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. கிழக்கே இறகுத்தண்டு மஞ்சள், மேற்கே சிவப்பு; நடுவே பெருஞ்சமவெளியில் தாராளமாகக் கலக்கின்றன. 1973-இல் இரண்டையும் ஒரே இனமாக்கினார்கள். கலப்பு நடக்கிறதா என்பது மட்டும் இதில் போதாது. மரபணுக்கள் எவ்வளவு தூரம் பரவுகின்றன, கலப்பு மண்டலத்துக்கு வெளியே தாயினங்கள் தனித்து நிற்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பினால் எவரும் ஏமாறலாம். கலப்பு மண்டலத்துக்கு வெகு தொலைவில், கிழக்கு ஃப்ளிக்கர்களிலும் சில சிவந்த இறகுகள் தென்பட்டன. மேற்கிலிருந்து வந்த மரபணு என்றே பலர் நினைத்தார்கள். இறகின் நிறமியைப் பிரித்துப் பார்த்தபோது அகப்பட்டது ரோடோசாந்தின். அயல்நாட்டு ஹனிசக்கிள் புதர்களின் பழத்தில் உள்ளது. புதிய இறகு முளைக்கும் பருவத்தில் தின்ற பழம் செய்த வேலை அது!

இலங்கையில் இன்னொரு குழப்பமும் உண்டு. அங்குள்ள பெரிய செம்முதுகு மரங்கொத்தி வேறு பேரினம். முதுகைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பெரியதற்கு அலகும் கண்ணும் வெளிறியவை, சிறியதற்குக் கருமை. அலகும் கண்ணும் தெரியாத படத்துக்கு நான் பெயர் சொல்வதில்லை.

நிழலில் எடுத்த படமும் சரியான இடக்குறிப்பும் இருந்தால் எங்கள் பாதி வேலை முடிந்தது. இன்னும் பெரிய உதவி, எது எதனோடு ஜோடி சேர்ந்திருக்கிறது என்ற குறிப்பு. அதற்காகப் பொந்தை நெருங்க வேண்டாம். தள்ளி நின்று, இரண்டும் மாறி மாறி வரும்வரை காத்திருங்கள். மரங்கொத்தி கைவிட்ட பொந்தில் மைனாவும் கிளியும் குடியேறும் என்பதால், வெறும் பொந்தின் படம் எங்களுக்கு எதையும் சொல்வதில்லை.