‘நல்ல பையன் சார்’ என்பது மட்டும் போதாது

இருபத்திரண்டு வருடமாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் தொடங்கினேன். அப்புறம் சென்னை ஓஎம்ஆர் சாலையில் உள்ள சாஃப்ட்வேர் நிறுவனங்களில் பல வருடம். இப்போது கிண்டியில் உட்கார்ந்து சிறு நிறுவனங்களுக்குச் சம்பளம், பிஎஃப் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். இத்தனை வருடத்தில் என் காதில் அதிகம் விழுந்த கேள்வி இதுதான்: “இவ்வளவு உழைக்கிறேன், ஏன் யார் கண்ணிலும் பட மாட்டேன் என்கிறேன்?”

பதில் சொல்ல வேண்டுமானால் உங்களை அப்ரைசல், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீடு, முடிவாகும் அறைக்குள் கூட்டிப் போக வேண்டும். மார்ச் கடைசி வாரம். மேசைமேல் நாற்பது, ஐம்பது பேரின் பட்டியல். ஒவ்வொரு பெயராக நான் படிப்பேன், மேனேஜர் பேசுவார். ஒரு பெயருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். “இந்த வருடம் இவர் என்ன செய்தார்?” என்று கேட்டதும் மேனேஜர் கொஞ்சம் யோசிப்பார். பிறகு வரும்: “நல்ல பையன் சார். சொன்னதைச் செய்வான். எந்தப் பிரச்சினையும் பண்ண மாட்டான்.” அவ்வளவுதான், அடுத்த பெயருக்குப் போய்விடுவோம்.

அந்தப் பையன் வருடம் முழுக்க ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்குப் போயிருப்பான். அவன் லீவு போட்ட நாளில் டீமே தடுமாறியிருக்கும். ஆனால் அந்த அறையில் அவனுக்காகச் சொல்ல ஒரு சம்பவம்கூட மேனேஜர் வாயில் வரவில்லை. மேனேஜர் கெட்டவர் இல்லை. பன்னிரண்டு பேர் பன்னிரண்டு மாதம் செய்த வேலையை நினைவிலிருந்து சொல்லச் சொன்னால், யாருக்கும் பிப்ரவரியில் நடந்ததுதான் ஞாபகம் வரும்.

இங்கிலீஷில் பேசு, மீட்டிங்கில் வாயைத் திற, பாஸ் கிளம்பும்வரை சீட்டில் இரு என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். நான் பார்த்தவரை அந்த மூன்று நிமிடத்தில் கை கொடுத்தது இவை எதுவும் இல்லை. செய்த வேலை எங்கேயாவது தேதியோடு எழுதப்பட்டிருந்ததா என்பதுதான் கை கொடுத்தது.

அம்பத்தூரில் ஒரு சிஎன்சி ஆபரேட்டர் இருந்தார், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மெஷினை ஓட்டுபவர். ஐடிஐ படித்தவர், அதிகம் பேச மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா, மெஷின் பக்கத்து டூல் பெட்டிமேல் ஒரு லாங் சைஸ் நோட்டு. அட்டையில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அதன் நிறமே மாறிப்போயிருந்தது. இன்சர்ட், அதாவது மெஷினில் உலோகத்தை வெட்டும் சின்ன முனை, உடையும் ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஒரு வரி எழுதுவார். தேதி, ஷிஃப்ட், மெஷின் நம்பர், எந்த ஜாப், எத்தனையாவது பீஸில் உடைந்தது. யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. “நமக்கே தெரியணும்ல சார்” என்றார், நான் கேட்டபோது.

மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டிப் பார்த்தவருக்கு ஒன்று பிடிபட்டது. உடைந்ததில் பெரும்பகுதி திங்கட்கிழமை முதல் ஷிஃப்டில், அதுவும் முதல் ஒரு மணி நேரத்தில். ஞாயிறு லீவு. சனிக்கிழமை ராத்திரி மெஷினை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் கூலன்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) தொட்டியைப் பார்ப்பதில்லை. திங்கள் காலை வருகிறவர்கள் டார்கெட் அவசரத்தில் நேராக ஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். தொட்டியில் அளவு குறைந்திருந்தால் வெட்டும் இடத்துக்குப் போதுமான கூலன்ட் போகாது, சூடேறி இன்சர்ட் போய்விடுகிறது. சூப்பர்வைசரிடம் நோட்டோடு போனார். திங்கள் காலை மெஷினைப் போடும் முன் தொட்டியைப் பார்த்து, அளவை ஒரு அட்டையில் எழுத வேண்டும் என்று ஏற்பாடானது. பைசா செலவில்லை. அந்த வருட அப்ரைசலில் அவர் பெயரைப் படித்தவுடன் சூப்பர்வைசர் மூச்சு விடாமல் பேசினார். என்ன செய்தார், எந்த மாதம், எவ்வளவு மிச்சம் என்று எல்லாமே நோட்டில் இருந்தது. மூன்று நிமிடம் போதவில்லை.

அலுவலக வேலையில் இருப்பவர்களுக்கு இதையே வேறு மாதிரி சொல்வேன். வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் மேனேஜருக்கு ஐந்து வரி மெயில். இந்த வாரம் என்ன முடிந்தது, என்ன நிற்கிறது, யாருடைய பதிலுக்காக நிற்கிறது, அடுத்த வாரம் என்ன. “நன்றாகப் போகிறது” என்று எழுதாதீர்கள், அதில் ஒன்றும் இல்லை. “கஸ்டமர் புகார் பதினொன்று வந்தது, ஒன்பது முடிந்தது, மீதி இரண்டும் பில்லிங் டீமிடம் இருக்கிறது” என்று எழுதுங்கள். தப்பு நடந்திருந்தால் அதையும் நீங்களே எழுதிவிடுங்கள். வேறு யாரோ சொல்லி மேனேஜருக்குத் தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஓஎம்ஆரில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் இதை வாரம் தவறாமல் செய்தார். தமிழ்வழியில் படித்து வந்தவர். மீட்டிங்கில் குரல் எழும்பாது, கான்ஃபரன்ஸ் காலில் யாராவது குறுக்கே பேசினால் நிறுத்திவிடுவார். ஆனால் அவர் எழுதும் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களில் குழப்பமே இருக்காது. ஒரு வருடத்தில் அவருடைய டீம் லீட் மேலதிகாரிகளுக்கு அனுப்பும் அறிக்கையில் பாதி இவருடைய வெள்ளிக்கிழமை வரிகளாக இருந்தது. “என் வேலையை அவர் பெயரில் அனுப்புகிறார்” என்று இவருக்கு வருத்தம். அந்த வருத்தம் நியாயம்தான். ஆனால் மெயிலில் தேதியும் பெயரும் இருந்ததால், பட்டியல் படித்த அன்று அந்த லீடே இவருக்காகப் பேசினார். இந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நன்றாக வேலை பார்த்தால் வேலை போகாது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. அது உண்மை இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்து, 2022 ஜூலையில் மறைமலைநகர் ஆலையிலிருந்து கடைசிக் காரை வெளியே விட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் உழைக்காதவர்களா? கம்பெனியின் கணக்கு வேறு, நம் உழைப்பின் கணக்கு வேறு. ஆகவே, கேட்டைத் தாண்டி வெளியே வரும்போது கையில் என்ன இருக்கிறது என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். அம்பத்தூர் கம்பெனி ஒரு ஷிஃப்டையே நிறுத்தியபோது அந்த ஆபரேட்டரும் வெளியே வந்தார். ஒரகடத்தில் ஒரு இன்டர்வியூவுக்கு நோட்டைக் கொண்டு போனார். முக்கால் மணி நேரம் அந்த நோட்டைப் பற்றியே பேசினார்களாம். கம்பெனியின் வரைபடமோ கஸ்டமர் விவரமோ அதில் ஒரு வரிகூட இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் வேலையின் குறிப்பு உங்களுடையது, கம்பெனியின் ஃபைல் கம்பெனியுடையது. ஆபீஸ் மெயிலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்து அதனாலேயே வேலை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காகிதங்கள். சென்னையில் இதைப் பேசினால் 2015 டிசம்பர் மழை நினைவுக்கு வராமல் இருக்காது. அடுத்த பொங்கல் முடிந்த வாரம், முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்த ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். பதினான்கு வருட அனுபவம். பிளாஸ்டிக் கவரில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன தாள்கள். நியமனக் கடிதத்தில் கையெழுத்து இருந்த இடத்தில் முத்திரையின் ஊதா மை பரவி, கம்பெனி பெயரே தெரியவில்லை. முதல் இரண்டு நிறுவனங்களும் மூடியாகிவிட்டது, நகல் கேட்க ஆள் இல்லை. “வேலை பார்த்தேன் சார், நிஜமா பார்த்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வேலை கொடுக்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டுமே.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சம்பள உயர்வுக் கடிதம், ஃபார்ம் 16 (வருமான வரி பிடித்ததற்கான சான்று), ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்த கடிதம்) எல்லாவற்றையும் வந்த அன்றே ஸ்கேன் செய்து சொந்த மெயிலில் போட்டு வையுங்கள். இவை உங்கள் பெயருக்கு வந்தவை, அதில் தயக்கம் வேண்டாம். சிறு கம்பெனிகளில் “லெட்டர் எல்லாம் எதுக்கு, நம்ம வீட்டு ஆள் மாதிரி” என்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். மரியாதையாகவே கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

கிராஜுவிட்டி கணக்கு தெரியாமல் இழப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிரந்தர வேலையில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால், வேலையை விடும்போது கம்பெனி கொடுக்கும் பணிக்கொடை அது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. இரண்டும் சேர்ந்து 26,000 ரூபாய் வாங்குபவருக்கு வருடத்துக்கு 15,000, ஐந்து வருடத்துக்கு 75,000. மாதம் 2,000 அதிகம் என்று நான்கு வருடம் ஐந்து மாதத்தில் ராஜினாமா கொடுத்த ஒருவரை நான் சரியான நேரத்தில் தடுத்திருக்கிறேன். மீதி ஏழு மாதத்தில் அவருக்கு அதிகம் கிடைத்திருக்கக்கூடியது 14,000 மட்டுமே. அதேபோல் ஒவ்வொரு வேலை மாறும்போதும் பிஎஃப்பை எடுத்துச் செலவழிக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்கு 10 வருட சேவை வேண்டும். ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த வருடங்களும் கூடவே போய்விடும்.

இனி அந்த ஓஎம்ஆர் பெண். பழைய டீம் லீட் வேறு நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து இவரைக் கூப்பிட்டார். இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது, ஒன்றாம் தேதி சேர வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பில் நின்றுவிட்டது. நம் ஊர்ப் பெயர்களுக்கே உள்ள இனிஷியல் சிக்கல்தான். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. பிஎஃப் பதிவில் கல்யாணத்துக்கு அப்புறம் யாரோ போட்ட கணவர் இனிஷியல். மூன்றும் மூன்று ஆள் மாதிரி தெரிந்தது. பெயர் பொருந்தாததால் பிஎஃப் கணக்கோடு ஆதார் இணையவில்லை. அவருடைய முதல் வேலை வடபழனியில் ஒரு சின்ன நிறுவனத்தில். அவர்கள் பிஎஃப்பில் வெளியேறிய தேதியையே போடவில்லை. வேலையை விட்டு இரண்டு மாதம் ஆனால் அந்தத் தேதியை நாமே பிஎஃப் தளத்தில் பதிந்துகொள்ளலாம், ஆனால் அதற்கு ஆதார் ஓடிபி வேண்டும். ஆதாரோ இணையவில்லை. பதிவின்படி பார்த்தால் அவர் ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் வேலை பார்த்த மாதிரி இருந்தது. போலி அனுபவச் சான்றிதழ் பிடிபடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், இப்படி ஒரு பதிவைப் பார்த்ததுமே சரிபார்ப்பவர்கள் சிவப்புக் குறி போட்டுவிடுகிறார்கள்.

அவர் வடபழனிக்கு நான்கு நடை நடந்து, பிஎஃப் பதிவைத் திருத்த ஊழியரும் முதலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் பழைய முதலாளியின் கையெழுத்து வாங்கினார். ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் உள்ள பிஎஃப் அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனார். மூன்று வாரம் ஓடியது. இப்படி இழுத்தால் ஆஃபரை ரத்து செய்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவதுதான் வழக்கம். இவர் விஷயத்தில் அது நடக்கவில்லை. புது நிறுவனத்தின் எச்ஆர் பின்னால் என்னிடம் சொன்னார்: “அந்த லீட் என் டேபிளுக்கே வந்துட்டார் சார். இந்தப் பொண்ணு வேலையை ரெண்டு வருஷம் வாராவாரம் எழுத்துல பார்த்திருக்கேன், பேரு சரியாகட்டும், காத்திருக்கேன்னு சொன்னார்.” இருபத்திரண்டாம் தேதி அவர் வேலையில் சேர்ந்தார்.