ஹீட்டர் போட்டாலும் கம்ப்ரஸர் ஓடுவது ஏன்?

தாப்பாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் குளிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால், 1,400 மீட்டருக்கு மேலே கேமரன் மலையின் தானா ராத்தா வந்துவிடும். அங்கே இரவில் 16 டிகிரி சாதாரணம். வழியில் மழையும் பிடித்துக்கொண்டால் பின்சீட்டிலிருந்து குரல் வரும்: “குளிருது, ஏர்கோனை அடைச்சிடுங்க!” அடைத்த ஓரிரு நிமிடத்தில் முன்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துப்போகும். எதிரே இறங்கி வரும் காய்கறி லோரியின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும்.

ஏர்கோன் என்றால் குளிர் என்று நாம் பழகிவிட்டோம். அதன் இன்னொரு வேலை காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது. மலைப்பாதையில் நமக்குத் தேவைப்படுவது அந்த வேலைதான்.

எஞ்சின் பெல்ட் சுழற்றும் கம்ப்ரஸர், ஆவியாக வரும் கேஸை அழுத்திச் சூடாக்கி முன்பக்கக் கண்டன்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளியே விட்டு கேஸ் திரவமாகிறது. பிறகு ஒரு சிறு துளை வழியாக, அழுத்தம் சட்டென்று குறையும் கூலிங் காயிலுக்குள் நுழைந்து, அங்கே கொதித்து ஆவியாகிறது. பல கார்களில் இருக்கும் ஆர்134ஏ கேஸின் கொதிநிலை, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி. கொதிப்பதற்கான வெப்பத்தை அது உள்ளே வீசும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. கூலிங் காயில் மீது காற்று படும்போது, தே ஓ ஐஸ் டம்ளர் வியர்ப்பது போல அதன் தகடுகளில் நீர் முத்துமுத்தாகக் கட்டும். கட்டிய நீர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும்.

எவ்வளவு நீர்? 25 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் 7 கிராம்கூடத் தங்காது. இப்போது அதே காற்றை மறுபடி 25 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். அப்படிப்பட்ட காற்று கண்ணாடியில் எங்கே ஈரம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும்.

ஹீட்டர் உள்ள கார்களில் நடப்பது இதுதான். காற்று முதலில் கூலிங் காயிலைக் கடக்கிறது. அதற்குப் பின்னால், எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு 90 டிகிரி அளவில் சுற்றிவரும் தண்ணீர் ஓடும் ஹீட்டர் காயில். எவ்வளவு காற்று அதன் வழியே போக வேண்டும் என்பதை ஒரு சின்னக் கதவு முடிவு செய்கிறது. குளிர்வித்துவிட்டுச் சூடாக்குவது வீண்செலவாகத் தோன்றும். ஆனால் சூட்டுக்குத் தனிச் செலவு இல்லை, அது எஞ்சின் எப்படியும் வெளியே தள்ளும் வெப்பம். முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பியதுமே பல கார்கள் யாரையும் கேட்காமல் கம்ப்ரஸரைப் போட்டுவிடுவதும் இந்தக் காரணத்தால்தான். பனிநாடுகளில் வெளியே உறைநிலை நெருங்கினால் கம்ப்ரஸர் தானே நின்றுவிடும், காயிலில் ஐஸ் கட்டிவிடக் கூடாதே என்று. நமக்கு அந்தக் கவலை இல்லை.

நம் சிக்கல் வேறு. இங்கே விற்ற பல சிறிய கார்களில் ஹீட்டரே கிடையாது. அவற்றின் டெம்பரேச்சர் திருகைச் ‘சூடு’ பக்கம் திருப்பினால் சூடு வராது. கம்ப்ரஸர் சீக்கிரமே ஓய்வெடுக்கும், அவ்வளவுதான். கம்ப்ரஸரை பெல்ட்டோடு இணைக்கும் மேக்னெட் கிளச் ‘டக்’கென்று விடுபடும், காயில் வெதுவெதுப்பாகும், காற்றை உலர்த்தும் வேலை அரைகுறையாகும். 1994-இல் வந்த 660 சிசி பெரோடுவா கஞ்சில் போன்ற சிறிய வண்டிகளில் ஏற்றத்துக்கு இழுவை போதாமல் ஏர்கோனை அடைப்பதும் வழக்கம். எஞ்சினுக்கு அது நல்லதுதான், கண்ணாடிக்கு இல்லை. முழுசாக அடைத்தால் இன்னும் மோசம்: காயிலில் ஏற்கெனவே கட்டியிருந்த நீர் மறுபடி ஆவியாகி, ஃபேன் காற்றோடு நேரே உள்ளே வருகிறது. கண்ணாடி அவ்வளவு வேகமாக வெளுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதோடு நான்கு பேரின் மூச்சும் நனைந்த சட்டையும் சேர்ந்துகொள்கின்றன.

ஹீட்டர் இல்லாத வண்டியில் என்ன செய்வது? ஏர்கோன் ஓடட்டும், ஃபேனைக் குறையுங்கள், வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள், ஆளுக்கொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். நாகரிகமான தீர்வு இல்லைதான், ஆனால் பாதை தெரியும். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டி வைத்திருப்பவர்கள் ஹீட்டரையும் ஏர்கோனையும் சேர்த்தே போடலாம்.

மலையிலிருந்து இறங்கும்போது கதை தலைகீழ். கீழே காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். ஏர்கோன் குளிரவைத்த கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஆவி படியும். உள்ளே துணியால் எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அழிந்தால் ஆவி வெளியே இருக்கிறது, அப்போதுதான் குளிரைக் குறைக்க வேண்டும். அழியாவிட்டால் உள்ளே இருக்கிறது, ஏர்கோன் ஓடியே ஆக வேண்டும்.

ஏர்கோன் ஓடியும் உள்பக்கம் தெளியவில்லை என்றால் வண்டியை நிறுத்தி அடியில் பாருங்கள். இந்த ஈரமான ஊரில் கால்மணி நேரம் ஓடிய பிறகும் ஒரு சொட்டுகூட விழவில்லையென்றால், வடிகால் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது கேஸ் குறைந்து கம்ப்ரஸர் கிளச் பிடிக்காமலே இருக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் ‘கேஸ் போடுங்க’ என்பதற்கு முன்னால் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள், செலவு குறைவு.