சொத்துரிமை: 44-வது திருத்தம் எடுத்ததும் விட்டுவைத்ததும்

நில எடுப்பு நோட்டீஸ் வந்த ஊர்களில் ஒரு பேச்சு அடிபடும்: "சொத்துரிமைதான் இப்போ அடிப்படை உரிமை இல்லையே, கவர்மெண்ட் கேட்டா கொடுத்துத்தானே ஆகணும்?" முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் கோளாறு.

1950-ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது சொத்துரிமை அடிப்படை உரிமைதான். ஜமீன் ஒழிப்பு, நிலச் சீர்திருத்தம் என்று அரசு எதைக் கொண்டுவந்தாலும் இந்த உரிமையைக் காட்டி வழக்கு வந்தது. பல திருத்தங்களுக்குப் பிறகு, ஜனதா ஆட்சியில் 1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தம் அதை அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்தே நீக்கியது. 1979 ஜூன் 20 முதல் அது அமலானது.

ஆனால் அதே திருத்தம் 300ஏ என்ற பிரிவையும் சேர்த்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. நாம் இழந்தது, 32-வது பிரிவின்கீழ் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் வழியை. உயர் நீதிமன்றத்தின் கதவு 226-வது பிரிவின்கீழ் திறந்தேதான் இருக்கிறது.

இந்தப் பிரிவுக்குப் பல் இருக்கிறதா? இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68-ல் ஒரு பெண்ணின் நிலத்தில் சாலை போட்டார்கள். எடுப்பு நடவடிக்கையும் இல்லை, இழப்பீடும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவர் நீதிமன்றம் போனபோது, இத்தனை காலம் அனுபவித்துவிட்டதால் நிலம் எங்களுக்கே சொந்தம் என்றது அரசு. கொஞ்சம் துணிச்சல்தான்! உச்ச நீதிமன்றம் 2020-ல் அதை நிராகரித்து, இழப்பீடு தரச் சொன்னது. 2024-ல் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் இன்னும் விரிவாகச் சொன்னது: நோட்டீஸ், ஆட்சேபணை கேட்பது, காரணத்தோடு முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு எல்லாம் 300ஏ-வுக்குள் அடக்கம்.

சரி, நோட்டீஸ் கைக்கு வந்தால்? முதலில் அது எந்தச் சட்டத்தின்கீழ் வந்திருக்கிறது என்று பாருங்கள். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் என்றால், முதல்கட்ட அறிவிக்கை வெளியானதிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சியரிடம் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் 21 நாள்தான். தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் போன்ற மாநிலச் சட்டங்களுக்கு நடைமுறை வேறு. நோட்டீஸில் உள்ள கெடுவைப் பாருங்கள். மனு கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுகள் பெயருக்கு மாற்ற உடனே மனு போடுங்கள். பணம் வரும் நேரத்தில் அதுதான் காலை வாரும்.

2013 சட்டப்படி, கிராமப்புறமென்றால் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையான ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; அதன்மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகையும் (நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் கூடுதல் தொகை) உண்டு. தொகை போதாது என்று தோன்றினால், வாங்கும்போதே "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதாமல் வாங்கிவிட்டால், அந்தச் சட்டத்தின் 77-வது பிரிவுப்படி கூடுதல் தொகை கேட்டுப் பிறகு விண்ணப்பிக்க முடியாது.