ஹெட்ஃபோனை மாட்டும் முன் மாஸ்டரில் ஒரு லிமிட்டரைப் போடுங்கள்

சவுண்ட் டிசைன் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த சாஃப்ட்வேர் நல்லது என்றுதான். எதுவானாலும் சரி. ஆடாசிட்டி இலவசம், சர்ஜ் எக்ஸ்டி என்கிற சிந்தசைசரும் இலவசம், ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைக் காசு கட்டாமல் 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், ஆரம்பத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. காதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

பாட்டுக் கேட்பதும் ஒலியை உருவாக்குவதும் காதுக்கு ஒன்றல்ல. வெளியான பாட்டை யாரோ ஒருவர் உட்கார்ந்து கடைசியாகச் சத்த அளவைச் சீராக்கி மாஸ்டரிங் செய்திருப்பார், அதில் சத்தம் திடீரென்று நாலு மடங்காக எகிறாது. நீங்கள் இப்போதுதான் திறந்த ப்ராஜெக்டில் அப்படிக் காவல் எதுவும் கிடையாது. சர்ஜில் சா வேவ் என்கிற கூரான ஒலி ஒன்றை எடுத்து, உயர்ந்த அதிர்வெண்களை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் போட்டு, வெட்டு தொடங்கும் இடமான கட்-ஆஃபைக் குறைத்து, அந்த இடத்தை எடுப்பாக்கும் ரெசொனன்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். ஒரு கட்டம் வரை ஒலிக்கு அழகு கூடுகிற மாதிரி இருக்கும், அதைத் தாண்டியதும் கட்-ஆஃப் நிற்கிற இடத்தில் விசில் கிளம்பும். அப்போது கட்-ஆஃபை நகர்த்தினால், காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையான இடத்தை அந்த விசில் அப்படியே கடந்து போகும். எதிரொலி தரும் டிலேயில் ஃபீட்பேக், அதாவது திரும்ப உள்ளே அனுப்பும் அளவு, 100 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் மோசம், ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். மவுஸைத் தேடி எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அதனால்தான் எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் ட்ராக்கில் கடைசியாக ஒரு லிமிட்டர், அதாவது வைத்த அளவுக்கு மேல் சத்தம் போகாமல் தடுக்கும் கருவி. உச்சவரம்பு மைனஸ் 6 டெசிபெல் (சாஃப்ட்வேர் அளவில் 0 தான் முழு அளவு). எக்ஸ்போர்ட் செய்யும்போது எடுத்துவிடலாம். ரீப்பரில் சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் மாஸ்டரைத் தானாக ம்யூட் செய்யும் வசதி ப்ரிஃபரன்ஸஸில் இருக்கிறது, அதையும் போட்டு வையுங்கள். ஆனால் ஹெட்ஃபோன் வால்யூமையே நீங்கள் முழுக்கத் திருகி வைத்திருந்தால் எந்த லிமிட்டரும் காப்பாற்றாது.

நிறையப் பேர் செய்கிற ஒரு சோதனை உண்டு. ஆடாசிட்டியில் ஜெனரேட் மெனுவுக்குப் போய் 16,000 ஹெர்ட்ஸில் ஒரு டோன் போடுவார்கள், தனக்குக் கேட்கிறதா என்று பார்க்க. கேட்காது, வால்யூமைக் கூட்டுவார்கள், அப்போதும் கேட்காது, இன்னும் கூட்டுவார்கள். அப்புறம் அதே வால்யூமில் 3000 ஹெர்ட்ஸ். அந்த டோனின் ஆம்ப்ளிட்யூட் (அலையின் உயரம்) மாற்றாமல் விட்டால் 0.8, அதாவது கிட்டத்தட்ட முழு அளவு. தயவுசெய்து வேண்டாம்.

இதெல்லாம் ஒரு நொடியில் நடப்பது. எனக்கு அதிகக் கவலை தருவது மெதுவாக நடப்பதுதான். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பேஸ் சரியாகக் கேட்காது, ஃப்ளெட்சர், மன்சன் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் இதை 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். கிக் டிரம் பத்தவில்லை என்று ஆரம்பநிலைக்காரர் வால்யூமை ஏற்றுவார். பிறகு சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் ஒன்றைப் போடுவார், அது சத்தத்தைக் கூட்டியதால் மட்டுமே நன்றாக இருப்பதாகத் தோன்றும் (இப்படிச் சேர்க்கும் கருவிகளுக்கு பிளகின் என்று பெயர், அதைப் போடும் முன்னும் பின்னும் லெவலைச் சமமாக்கிக் கேட்டால் பாதி பிளகின்களைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்). இரண்டு மணி நேரத்தில் காது மரத்துப் போய், டிரம்ஸின் ஹை-ஹாட் தாளம் மங்கலாகத் தெரிய, உயர்ந்த, தாழ்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் உயர்ந்த பகுதியை ஏற்றுவார். மறுநாள் காலையில் கேட்டால் அதே மிக்ஸ் காதைக் கிழிக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் பாதுகாப்பாகக் கேட்கலாம். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும், 92-க்குப் போனால் வாரம் முழுவதற்கும் இரண்டரை மணி நேரம்தான். ஹெட்ஃபோனுக்குள் எத்தனை டெசிபெல் என்று போன் ஆப் வைத்துச் சரியாக அளப்பது கடினம். அதனால் நான் சொல்வது எளிய வழி: கை நீட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது புரியவில்லை என்றால் குறையுங்கள். ஃபேன் சத்தத்தை அமுக்குவதற்காகக் கூட்ட வேண்டியிருந்தால் ஃபேனை நிறுத்துங்கள்.

உள்காதில் செத்த மயிர்ச்செல்கள் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை, சத்தத்தால் வரும் இழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் தொடங்கும். இந்தத் தொழிலுக்கு வருவதாக இருந்தால் இப்போதே ஒரு ஆடியோகிராம் (கேட்கும் திறனைச் சோதித்த பதிவு) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். வேலை முடிந்து காதுக்குள் ரீங்காரம் கேட்டால் அன்றைக்கு ஹெட்ஃபோனைத் தொடாதீர்கள். மறுநாளும் அது போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டு கேட்காமல் போனால் அன்றே போங்கள், சொட்டு மருந்து விட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.