சர்க்கரை போடாத குவளை கேக் எப்படி வேகிறது?

பீங்கான் குவளையில் நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்து, ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி கோகோ தூள், கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்துக் கலக்கி மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால், ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் ஒருவருக்குப் போதுமான கேக் வெந்துவிடும்.

இதில் சர்க்கரையை விடும்போது இனிப்பு மட்டும் போவதில்லை. சர்க்கரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு, மாவிலுள்ள ஸ்டார்ச் கெட்டிப்படும் வெப்பநிலையையும் முட்டைப் புரதம் உறையும் வெப்பநிலையையும் சற்று உயர்த்திவிடுகிறது. அந்தத் தாமதத்தில்தான் குமிழ்கள் பெருத்துக் கேக் உப்புகிறது. அது இல்லையென்றால் மாவு முந்திக்கொண்டு இறுகி, ரப்பர் போலாகிவிடும்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது வாழைப்பழம். காயில் ஏறத்தாழ 20 சதவீதம் வரை இருக்கும் ஸ்டார்ச், பழுக்கும்போது நொதிகளால் சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஆகிய சர்க்கரைகளாக மாறுகிறது. அவையும் பழத்தின் பெக்டின் என்னும் நார்ச்சத்தும் நீரைப் பிடித்து வைக்கின்றன. தோலில் கரும்புள்ளி விழும் வரை காத்திருக்காமல் விறைப்பான பழத்தைப் போட்டுவிட்டு, கேக் இனிக்கவில்லை என்று குறை சொல்வதில் பயனில்லை. ஆனால், நடுத்தரப் பழம் ஒன்றில் 14 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பின் அலைகள் நொடிக்கு 245 கோடி முறை அதிர்கின்றன. ஒரு முனையில் நேர்மின் தன்மையும் மறுமுனையில் எதிர்மின் தன்மையும் கொண்ட நீர் மூலக்கூறுகள், மாறிக்கொண்டேயிருக்கும் அந்த மின்புலத்திற்கேற்பத் திரும்ப முயன்று பக்கத்து மூலக்கூறுகளோடு மோதுவதால் வெப்பம் பிறக்கிறது. உணவு உள்ளிருந்து வெளியே வேகிறது என்று பலர் நம்புவது சரியன்று. அலைகள் சில சென்டிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே வலுவிழந்துவிடுகின்றன. குவளை குறுகலானது என்பதால்தான் எல்லாப் பக்கமிருந்தும் நடுப்பகுதியை எட்டுகின்றன.

நீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகுகிறது. இந்த நீராவியும் பேக்கிங் பவுடர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து மாவைத் தூக்குவதால், குவளையைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஈரம் இருக்கும்வரை கேக்கின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்றுவிடுகிறது. பொன்னிறம் ஏற 140 டிகிரி அளவுக்கு வெப்பம் தேவை. வெளிறிய நிறத்தைக் கோகோ மறைத்துவிடுகிறது.

மேற்பரப்பு சற்றே ஈரமாக இருக்கும்போதே குவளையை எடுத்து ஒரு நிமிடம் வைத்தால், உள்வெப்பமே மீதியை வேகவைத்துவிடும். ஆறவிட்டால் ஸ்டார்ச் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்கிக்கொண்டு கேக் இறுகும் என்பதால், சூடாகவே சாப்பிடுவது நல்லது.