கடலோரச் சுவரில் பெயிண்ட் ஏன் நிற்பதில்லை?

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீடு. மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் போயிருந்தபோது, அதன் மஞ்சள் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. வீட்டுக்காரர் சாவியால் லேசாகக் குத்தினார். பெயிண்ட் ரப்பர் தோலைப் போல உரிந்து வந்தது. அதன் பின்னால் இருந்த காரை பொலபொலவென்று மாவாகக் கொட்டியது. மாவுக்கு நடுவே பஞ்சு போல வெள்ளை இழைகள். நாக்கில் வைத்தால் கரித்தது. பெயிண்ட் அடித்து இரண்டு மழைக்காலம்கூட ஆகவில்லை. “மட்டமான பெயிண்டைத் தலையில் கட்டிவிட்டார்கள்” என்றார். எனக்கென்னவோ அது நல்ல பெயிண்டாகத்தான் பட்டது. தன் வேலையைச் சரியாகச் செய்துதான் அது சுவரைக் கெடுத்திருந்தது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று அள்ளிவந்து சுவரில் அப்புகிறது. அடியிலிருந்து ஓதம், அதாவது மண்ணின் ஈரம், வேறு ஏறுகிறது. சுவருக்குள் உப்பு சும்மா கிடந்தால் பெரிய கேடில்லை. அது கரைந்து கரைந்து உறைவதுதான் கேடு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானாகக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். மழைநாளில் சமையலறை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடற்கரை ஊர்களில் விடியற்காலை ஈரப்பதம் இந்தக் கோட்டுக்கு மேலேயும் நண்பகலில் கீழேயும் போய்வருவது வழக்கம். அதாவது, வருடத்தில் எத்தனையோ நாள், சுவரின் நுண்துளைகளுக்குள் உப்பு இரவில் கரைந்து பகலில் உறைகிறது.

உறைகிற படிகத்துக்கும் துளையின் பக்கங்களுக்கும் நடுவே மிக மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று தங்கிவிடுகிறது. அதன் வழியே புது உப்பு வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால், இடம் தீர்ந்த பிறகும் படிகம் வளர்கிறது. காரையை நெட்டித் தள்ளுகிறது. கோபுரத்தில் முளைத்த ஆலங்கன்று கல்லைப் பிளக்கிற அதே கதை, கண்ணுக்குத் தெரியாத அளவில்.

நீர் எங்கே ஆவியாகிறதோ அங்கேதான் உப்பு உறையும். சுவரின் வெளிமுகத்தில் ஆவியானால் உப்பு வெளியே பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். உள்ளே ஆவியானால் உள்ளேயே பூத்துக் காரையை வெடிக்க வைக்கும்.

வீட்டுக்காரரின் பெயிண்ட் மாட்டிக்கொண்டது இங்கேதான். அவர் அடித்திருந்த அக்ரிலிக் எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள். தண்ணீர் காய்ந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தோலாகிவிடுகின்றன. மழையைத் தடுக்க அருமையான தோல். ஆனால் மயிரிழை விரிசல் வழியே உள்ளே போன நீருக்கும், அடியிலிருந்து ஏறிய ஓதத்துக்கும் அதே தோல் வாசலை அடைத்துவிடுகிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய சுவர், ஈரத்தை வாங்கி வெளியே விட்டே பழகியது.

இதை அளக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஒரு பூச்சு நீராவியை எவ்வளவு தடுக்கிறதோ, அதே அளவு தடுக்க எத்தனை மீட்டர் அசையாத காற்று வேண்டும்? ஐரோப்பியத் தரவரிசைப்படி 0.14 மீட்டருக்குக் கீழே இருந்தால் நன்றாக ஆவி விடும் பூச்சு, 1.4 மீட்டருக்கு மேலே போனால் அடைக்கும் பூச்சு. சுண்ணாம்புப் பூச்சு இதில் சில சென்டிமீட்டரில் முடிந்துவிடும்.

சுண்ணாம்பு இவ்வளவு தாராளமாக ஆவி விடுவதற்குக் காரணம், அது தோலே அல்ல, கல். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால், 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். மிச்சம் 56 கிலோ. அதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். பால் பதத்துக்குக் கரைத்துச் சுவரில் அடித்தால், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அடிப்பது பெயிண்ட் என்றாலும் சுவரில் நிற்பது நுண்துளை உள்ள கல் ஏடு. அதனால்தான் அவசரம் ஆகாது: சுவரை நனைத்துவிட்டு, உச்சி வெயிலைத் தவிர்த்து, மெல்லிய பூச்சாக நாலைந்து முறை அடிக்க வேண்டும். தடித்து அடித்தால் பொருக்காக எழும்பிவிடும். நிறத்துக்குக் காவி, மஞ்சள் மண் போன்ற இரும்பு ஆக்சைடு வண்ணங்கள் ஏற்றவை. சுண்ணாம்பின் கடும் காரத்தில் அவை வெளுப்பதில்லை. அதே காரம் பாசியையும் பூஞ்சையையும் அண்டவிடாது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுண்ணாம்பைப் புனிதப் பொருளாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பறந்த கரியமில வாயு திரும்ப வருகிறது என்பது சரி; காளவாயில் எரித்த விறகின் புகை திரும்ப வருவதில்லை. வேம்பநாடு, பழவேற்காடு போன்ற காயல்களில் கிளிஞ்சலை அள்ளுவதற்கும் ஒரு விலை உண்டு. கடலுக்கு நேர் எதிரே சாரல் அறையும் சுவரில் அது சீக்கிரமே கரைந்து தேயும், சட்டையில் ஒட்டும். ஆனால் தேயும்போது காரையைப் பிய்த்துக்கொண்டு போவதில்லை. மேலேயே இன்னொரு முறை அடித்துக்கொள்ளலாம்.

அடிக்கடி அடிக்க முடியாதவர்களுக்கு சிலிக்கேட் பெயிண்ட் உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878-இல் காப்புரிமை பெற்றது. பொட்டாசியம் சிலிக்கேட் கரைசல் காரையோடும் செங்கல்லோடும் வினைபுரிந்து பிணைந்துவிடும். சுவிட்சர்லாந்தில் ஷ்வீஸ் நகர மன்றத்தின் வெளிச்சுவர் ஓவியங்கள் 1891-இல் இந்த முறையில் தீட்டப்பட்டவை.

டப்பாவில் ‘பசுமை’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் காற்றில் கலக்கும் கரிமச் சேர்மங்கள் குறைவு என்பதைத்தான் குறிக்கிறது. பெயிண்டில் ஈயத்துக்கு இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. இவை நல்லவைதான், ஆனால் அந்தப் பூச்சு உங்கள் சுவருக்கு ஒத்துவருமா என்பதை டப்பா சொல்லாது. இரண்டு வருடத்தில் உரிந்து, பிளாஸ்டிக் துணுக்காகக் கடலில் சேர்கிற பூச்சைப் பசுமை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த வீட்டில் செய்ய வேண்டியிருந்த வேலை அலுப்பானது. சுண்ணாம்போ சிலிக்கேட்டோ பிளாஸ்டிக் தோலின் மேல் பிடிக்காது; பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்ட வேண்டியிருந்தது. முன்பு யாரோ அடிச்சுவரில் பூசியிருந்த சிமென்ட்டையும் கொத்தி எடுத்தார்கள்; அது ஓதத்தை நிறுத்தவில்லை, இரண்டடி மேலே ஏற்றிவிட்டிருந்தது. பூத்த உப்பை நீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினார்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். கோடை முழுவதும் சுவரைச் சும்மா காயவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி, பிறகுதான் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கையில் எடுத்தார்கள்.

முதல் பூச்சு அன்று மாலை வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். நிறமே ஏறவில்லை, அழுக்குத் தண்ணீர் ஊற்றியதுபோல் இருக்கிறது என்று கோபம். ஈரச் சுண்ணாம்பு அப்படித்தான் இருக்கும். துளைகளில் நீர் நிற்கும்வரை ஒளி ஊடுருவிப் போய்விடும். நீர் விலகிக் காற்று புகுந்தபின்தான் ஒளி சிதறி நிறம் தெளியும். காலையில் பாருங்கள் என்றேன். காலையில் அவர் கூப்பிடவில்லை.